அப்பாவுக்கு மரகத மோதிரம்: இந்த இரண்டு கல்லில் எதை எடுப்பது?

வடலி:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வருகிற ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கலியாணம். அவருக்குத் திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி, இப்போது புதன் தசை நடக்கிறது. "பச்சைக்கல் போடுங்கோ, ஆனால் குற்றம் குறை இல்லாத கல்லாக இருக்கவேணும்" என்று சாத்திரியார் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு இதில் நல்ல நம்பிக்கை. நானும் தம்பியும் காசு சேர்த்து ஒரு மோதிரம் செய்து கொடுக்க நினைத்திருக்கிறோம்.

இரண்டு கல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில். ஏற்கெனவே மோதிரத்தில் கட்டியிருக்கிறது, கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கிறது. கல் மூன்று கரட் வரும், கல்லுக்கு மட்டும் எண்பத்தையாயிரம் என்றார்கள். கடும் பச்சை, உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது.

மற்றது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் மூலம் கொழும்பில் இருந்து வந்த கல். இன்னும் கட்டவில்லை. 2.10 கரட், நீள்சதுரம், மூலைகள் வெட்டியிருக்கிறது. ஸாம்பியாக் கல் என்று சொல்கிறார்கள். நிறம் கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. உள்ளே குளத்துப் பாசி மாதிரி ஏதோ படர்ந்து கிடக்கிறது. இதற்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார்கள்.

பெரிதும் சுத்தமுமான கல் விலை குறைவாகவும், சின்னதும் கீறல் விழுந்ததுமான கல் மூன்று மடங்கு விலையாகவும் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டின் படமும் போட்டிருக்கிறேன்.

ஆடிக்கூழ்:

சாத்திரியார் சொன்னபடி குறை இல்லாததையே எடுங்கள், காசும் மிச்சம். எங்கள் அம்மம்மா சொல்லுவா, நல்ல மரகதத்தைப் பாலில் போட்டால் பால் முழுக்கப் பச்சையாகத் தெரியுமாம். இன்னொன்று, கல்லின் மேல் வாயால் ஊதினால் ஆவி உடனே மறைய வேணும். கடையிலேயே செய்து பார்க்கலாம்.

உலைக்களம்:

தங்கச்சி வடலி, இரண்டு பக்கமும் முற்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். நாங்கள் கன்னாதிட்டியில் நகை செய்கிற குடும்பம். தாத்தாவும் அப்பாவும் பத்தர் வேலை செய்தவர்கள். நான் கொழும்பில் இரத்தினவியல் படித்துவிட்டு வந்து கல் பார்த்துச் சொல்கிற வேலையும் சேர்த்துச் செய்கிறேன். கல் விற்பதில்லை, அதனால் மனதில் பட்டதை அப்படியே சொல்லலாம்.

இந்த நாட்டில் கல் என்றால் முதலில் நீலம். இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கை மாறுகிற நீலத்தையும் புஷ்பராகத்தையும் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு. அந்தக் கற்களில் உள்ளே சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயம்தான், தேடினால் கிடைக்கவும் செய்யும். அதே கண்ணோடு மரகதம் வாங்கப் போகிறவர்கள்தான் கூடுதலாக ஏமாறுகிறார்கள். மரகதம் இங்கே தோண்டி எடுத்து விற்கிற கல் இல்லை. கொலம்பியா, ஸாம்பியா, பிரேசில், ஆப்கானிஸ்தானின் பஞ்ச்சீர் போன்ற இடங்களில் இருந்து வரும். அதில் கனக்க ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்படும்.

மரகதம் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. அதற்குப் பெரிலியம் வேணும், பச்சை நிறத்துக்குக் குரோமியமோ வனேடியமோ வேணும். பெரிலியம் சேர்கிற பாறை வேறு, குரோமியம் உள்ள பாறை வேறு. சாதாரணமாக இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது. நிலம் மடிந்து வெடித்து, சூடான திரவம் அந்த வெடிப்புகளுக்குள் ஓடினால்தான் சந்திக்கும். அந்த அமளிக்குள் வளர்கிற பளிங்கு வெடிப்பும், வேறு கனிமத் துணுக்கும், நீர்த்துளியும் இல்லாமல் வளர்வது மிக மிக அரிது. இரத்தினவியலில் கற்களைச் சுத்தத்தின்படி மூன்று வகையாகப் பிரிப்பார்கள். மரகதம் மூன்றாவது வகை, அதாவது உள்ளே ஏதாவது இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிற வகை. நீங்கள் பாசி என்று சொன்னதை வெளிநாட்டு வியாபாரிகள் தோட்டம் என்றே அழைப்பார்கள்.

இப்போது விலையைப் பாருங்கள். மூன்று கரட், கடும் பச்சை, வெறும் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாத இயற்கை மரகதம் என்றால் பல பத்து லட்சம் ரூபாய் போகும். எண்பத்தையாயிரத்துக்கு அதை விற்க யாராலும் முடியாது. படத்தை வைத்து அது என்ன கல் என்று நான் சொல்ல மாட்டேன், அது சரியும் இல்லை. கண்ணாடியாக இருக்கலாம். இரண்டு துண்டைப் பச்சைப் பசையால் ஒட்டியதாக இருக்கலாம். ஆய்வுகூடத்தில் வளர்த்த மரகதமாகவும் இருக்கலாம். கடைசியில் சொன்னது பொய்க் கல் இல்லை. அதன் இரசாயனம், கடினம் எல்லாம் இயற்கைக் கல்லைப் போலவேதான் இருக்கும். ஆனால் அதை அப்படிச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேணும். "கிரியேட்டட்", "ஹைட்ரோதேர்மல்", "லாப் குரோன்" என்று பில்லில் எங்காவது எழுதியிருந்தால் அது இதுதான். "ஈவினிங் எமரல்ட்" என்றால் பெரிடோட் என்கிற வேறு ஒரு பச்சைக் கல், மரகதமே இல்லை.

ஆடிக்கூழ், உங்கள் அம்மம்மா சொன்னதை எங்கள் வீட்டிலும் சொல்லுவார்கள். ஆனால் பச்சைக் கண்ணாடித் துண்டைப் போட்டாலும் பால் அப்படித்தான் தெரியும். ஆவிச் சோதனை சில கண்ணாடிகளைப் பிடிக்கும், ஆய்வுகூட மரகதத்தைப் பிடிக்கவே பிடிக்காது. சிலர் கத்தியால் கீறிப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்ய வேண்டாம். மரகதத்தின் கடினம் மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை இருந்தாலும் உள்வெடிப்பு இருப்பதால் மூலை பட்டென்று தெறித்துவிடும். மூலையை வெட்டிய அந்த நீள்சதுரப் பட்டை இந்தக் கல்லுக்கென்றே வந்ததும் அதனால்தான்.

கொழும்புக் கல்லை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கடை வெளிச்சத்தில் பார்த்தது கணக்கில் இல்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் வையுங்கள். முதலில் நிறம். மரகதத்தில் விலையின் பெரும் பங்கு நிறத்துக்குத்தான். தூய பச்சையும் மெல்ல நீலம் ஓடுகிற பச்சையும் நல்லது. மஞ்சள் ஓடினால் விலை இறங்கும். மிக வெளிறியிருந்தால் அதைப் பச்சைப் பெரில் என்றுதான் சொல்வார்கள், மரகதம் என்று சொல்ல மாட்டார்கள். கடும் பச்சைதான் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே கல்லைப் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் எடுத்துப் பார்த்தால் கறுத்துப் போய்விடும். இரண்டு நேரத்திலும் உயிரோடு இருக்கிற நிறம்தான் நிறம். ஸாம்பியாக் கல்லில் இரும்பு கூடுதலாக இருக்கும், அந்த நீலச் சாயல் அதனால் வரலாம்.

பிறகு கல்லைக் கவிழ்த்துத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நிறம் எல்லா இடமும் ஒரே சீராக இருக்கிறதா, ஒரு மூலையில் மட்டும் குவிந்திருக்கிறதா? வெடிப்புக் கோடுகளுக்குள் மட்டும் பச்சை கூடுதலாகத் தெரிந்தால் நிறம் கலந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேணும். பத்திரிகை எழுத்தின் மேல் கல்லை நிமிர்த்தி வையுங்கள். நடுவே எழுத்து தெளிவாக வாசிக்க முடிந்தால் பட்டை ஆழம் போதாது. அகலமாகத் தெரியட்டும் என்று மெல்லியதாக வெட்டிய கல் அது.

கடைசியாக வெடிப்பு. பத்து மடங்கு பெருக்குகிற லூப் ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லை அருகே கொண்டுவாருங்கள். எல்லோரும் கல்லுக்கு உள்ளேயே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் மேலே பாருங்கள். கல்லை மெல்லச் சரித்து, மேல் முகம் முழுக்க வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னும் ஒரு கோணத்தில் நிறுத்துங்கள். அப்போது உள்ளே ஒன்றும் தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். அந்த வெள்ளை மினுக்கத்தை மயிர் அளவுக் கோடு ஒன்று அறுத்துக்கொண்டு போனால், அந்த வெடிப்பு வெளியே வந்து திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முகமாக அப்படிப் பாருங்கள். உள்ளேயே முடிந்துவிடுகிற பாசிக்கு நான் பயப்பட மாட்டேன். வெளியே திறந்திருக்கிற கோட்டுக்குள்தான் எண்ணெயும் பிசினும் போகும், அடிபட்டால் கல் பிளக்கிறதும் அந்த வழியால்தான்.

எண்ணெய் ஊற்றுவது களவு இல்லை. தேவதாரு எண்ணெய் ஊற்றுவது இந்தத் தொழிலில் காலங்காலமாக நடக்கிறது, சந்தைக்கு வருகிற மரகதங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒன்று ஊற்றப்பட்டிருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கொஞ்சமா, நடுத்தரமா, மிகையா என்று ஆய்வுகூடங்கள் எழுதித் தரும், விலை அதைப் பொறுத்து மாறும். மிகை என்று எழுதினால் நான் வாங்க மாட்டேன். அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரிகிற அழகில் பாதி எண்ணெயின் அழகு.

சாத்திரியாரிடம் ஒருக்கா நேரே கேளுங்கள்: உள்ளே பாசி உள்ள, பூமியில் விளைந்த கல்லா, குறையே இல்லாத ஆய்வுகூடக் கல்லா, எது வேணும் என்று. அவர் என்ன சொல்வார் என்று எனக்கு ஓரளவு தெரியும். குற்றம் இல்லாத கல் என்று சொல்லி அனுப்புவதால்தான் எத்தனையோ வீடுகளில் புதனுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அந்த மோதிரங்கள் என் மேசைக்கு வரும்போது சொல்வதற்கே வாய் வராது. அவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை, சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வாங்கியிருப்பார்கள்.

ஸ்காபரோ மழை:

உலைக்களம் அண்ணை எண்ணெய் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மச்சாளின் மரகத மோதிரத்தை இங்கே ஒரு நகைக்கடையில் கழுவக் கொடுத்தோம். அதிர்வு மெசினில் போட்டுக் கழுவித் தந்தார்கள். திரும்பி வரும்போது கல்லில் வெள்ளைக் கோடு கோடாக நிற்கிறது, முன்பு ஒன்றும் தெரியவில்லை. கல் உடைந்துவிட்டது என்று அவ அழுதே விட்டா. பிறகு வேறு ஒருவரிடம் காட்டியபோது, வெடிப்பு முதலே இருந்தது, உள்ளே இருந்த எண்ணெய் போய்விட்டது, திருப்பி ஊற்றலாம் என்று சொன்னார். ஊற்றிய பிறகு பழையபடி ஆகிவிட்டது. வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்குக் கவலை.

வடலி:

அண்ணை, கோடி நன்றி. லூப் வாங்கி, நேற்றுக் காலை விறாந்தையில் வைத்துப் பார்த்தோம். கொழும்புக் கல்லில் எழுத்து தெரியவில்லை, பின்னேரமும் நிறம் நல்லாகவே நின்றது. வெளிச்சத்தைச் சரித்துப் பார்த்தபோது மேல் முகத்தில் கோடு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மூலைக்குக் கிட்ட, சாய்ந்த முகத்தில் சின்னதாக ஒரு கோடு வெளியே வருகிறது. தம்பிதான் கண்டுபிடித்தான்.

கஸ்தூரியார் வீதிக் கடையில், பின்பக்கத்தைத் திறந்து காட்ட முடியுமா, பரிசோதிக்கக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று கேட்டோம். மோதிரம் பழுதாகிவிடும், தங்கள் சொல்லை நம்பலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன செய்வது? மற்றக் கல்லில் அந்த மூலைக் கோடு பெரிய பிரச்சினையா?

உலைக்களம்:

கடையை விடுங்கள். பின்பக்கம் மூடிக் கட்டிய கல்லுக்குக் கீழே நிறத் தகடு வைத்திருந்தாலும் மேலே தெரியாது. எங்கள் ஊர்ப் பழைய அட்டியலிலும் பதக்கத்திலும் அப்படித் தகடு வைத்துக் கட்டுவது வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற கல்லைக் கட்டாமல், தனியாகப் பார்த்துத்தான் வாங்க வேணும்.

மூலைக் கோட்டை லூப்பில் திரும்பவும் பாருங்கள். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும்போது அந்தக் கோட்டுத் தளத்தில் ஒரு நீல மின்னலோ செம்மஞ்சள் மின்னலோ வந்து போகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் பிசின் ஊற்றியிருக்கலாம். தட்டையான சின்னக் குமிழி தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். உருண்டைக் குமிழியும் சுழி சுழியான ஓட்டமும் தெரிந்தால் அது கண்ணாடியின் அடையாளம். பளபளக்கிற கறுப்பு, மண்ணிறத் துணுக்குகள் உள்ளே தெரிந்தால் சந்தோசப்படுங்கள், ஸாம்பியாக் கல்லில் அப்படி மைக்கா இருப்பது வழக்கம். கொலம்பியக் கல் என்றால் வேறு அடையாளம்: சின்ன ஒரு நீர்ப்பைக்குள் ஒரு வாயுக்குமிழியும் ஒரு கன சதுர உப்புப் பளிங்கும் சேர்ந்து இருக்கும். அதை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

யாராவது சிவப்புக் கண்ணாடிச் சோதனை செய்து காட்டுகிறோம் என்று வந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். செல்சி பில்டர் என்பார்கள். அதற்குள்ளால் கொலம்பியக் கல் சிவப்பாகத் தெரியும், ஆய்வுகூடக் கல் பெரும்பாலும் இன்னும் சிவப்பாகத் தெரியும், நல்ல ஸாம்பியாக் கல் பச்சையாகவே நிற்கலாம்.

கடைசி முடிவு சோதனைச் சான்றிதழில்தான். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. இயற்கையா, ஆய்வுகூடமா, ஏதும் ஊற்றியிருக்கிறதா என்ற மூன்றும் எழுத்தில் வரவேணும் என்று கேட்டுக் கொடுங்கள். எந்த நாட்டுக் கல் என்று எழுதித் தருகிற வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, இந்த அளவுக் கல்லுக்கு அந்தச் செலவு வேண்டாம். விற்பவரிடம் முதலே பேசுங்கள்: இயற்கை என்று வந்தால் எடுக்கிறோம், இல்லாவிட்டால் திருப்பித் தருவோம். மாமா நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. சான்றிதழ் வந்ததும் அதில் உள்ள எடையையும் நீளம், அகலம், ஆழத்தையும் கையில் உள்ள கல்லோடு ஒப்பிட வேணும். நல்ல கல்லின் சான்றிதழை வேறு கல்லோடு சேர்த்து விற்கிறவர்களும் உண்டு. 2.10 என்றால் தராசும் 2.10 காட்டவேணும்.

மூலைக் கோட்டைக் காட்டி விலை பேசுங்கள். அது நியாயமான பேரம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வடலி:

சான்றிதழ் வந்துவிட்டது. இயற்கை மரகதம், எண்ணெய் நடுத்தர அளவு என்று எழுதியிருக்கிறது, எடையும் அளவும் சரி. விலை இரண்டு லட்சத்து இருபத்தையாயிரத்துக்கு வந்தது, எடுத்துவிட்டோம். சாத்திரியாரிடம் அப்பாவே போய்க் கேட்டார். "பூமியில் விளைந்ததுதான் வேணும், கறுப்புப் புள்ளியும் உடைவும் இல்லாவிட்டால் போதும்" என்று சொன்னாராம். அப்பாவுக்குக் கல்லைக் காட்டியதில் இருந்து லூப்பைக் கையை விட்டு வைக்கிறார் இல்லை.

இனிக் கட்டுவதுதான். சுண்டுவிரலில் போடவேணும், கல் தோலில் படவேணும் என்கிறார் சாத்திரியார். அப்பா தினமும் தோட்டத்துக்குள் நிற்கிற ஆள், மண்வெட்டி பிடிக்கிறவர். பத்தரிடம் என்ன சொல்ல வேணும்?

உலைக்களம்:

நல்ல சந்தோசம் தங்கச்சி. விலையும் பரவாயில்லை.

நான்கு மூலையிலும் கம்பி பிடித்துக் கட்டுகிற மாதிரி வேண்டாம். கல்லைச் சுற்றிவரத் தங்க விளிம்பு எழுப்பிக் கட்டச் சொல்லுங்கள், கீழே திறந்திருக்கட்டும், தோலில் படும். அந்தக் கோடுள்ள மூலையைப் பத்தருக்கு லூப்பில் காட்டி, அந்தப் பக்கம் கடைசியாக, மெல்ல அமத்தச் சொல்லுங்கள். விளிம்பு 22 கரட் தங்கத்தில் என்றால் மென்மையாக மடியும், கல்லுக்கு அழுத்தம் குறைவு. மோதிரத்தின் அடிப்பட்டை தடிப்பாக இருக்கட்டும்.

பற்றவைப்பு, அமிலத்தில் போடுவது, மினுக்குவது எல்லாம் முடிந்து மோதிரம் ஆறிய பிறகுதான் கல் உள்ளே போகவேணும். கல் இருக்கும்போது நெருப்பு கிட்டவே வரக்கூடாது. பின்னாளில் மோதிரத்தைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ வேண்டிவந்தாலும் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் செய்யவேணும். இதை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள், பத்து வருசம் கழித்து வேறு பத்தரிடம் கொண்டுபோகிறவர் அவராகத்தான் இருப்பார்.

தோட்டத்துக்குப் போகும்போது மோதிரம் வீட்டில் இருக்கட்டும். கழுவுவதென்றால் பச்சைத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சுடுதண்ணீர், சவர்க்காரத்தில் ஊறவைப்பது, ஸ்காபரோ மழை சொன்ன அந்த மெசின் எதுவும் வேண்டாம். வருசங்கள் போய்க் கல் கொஞ்சம் வெளிறின மாதிரித் தெரிந்தால் பயப்படாதீர்கள், கன்னாதிட்டிக்குக் கொண்டுவாருங்கள், எண்ணெய் ஊற்றித் தரலாம். கட்டும் நாளில் நானும் பக்கத்தில் நிற்கவேணும் என்றால் இங்கேயே ஒரு வரி போடுங்கள்.